பழைய மோட்டாரில் மாற்று எஞ்சின்

சிலாபத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, புத்தளம் நகரை அடைவதற்குச் சற்று முன்னர் பாலாவிச் சந்தியில் பிரிகின்றது. மேற்கே திரும்பும் கிளைத்தெரு உப்பளங்களைக் கடந்து, நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிவரை நீள்கின்றது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். வீசும் காற்றில் எந்நாளும் உப்பு கலந்திருக்கும். இந்தத் தெருவில் இன்றும் இடையிடையே ஒரு மொரிஸ் மைனர் கார் மெல்ல உறுமிக்கொண்டு செல்வதைக் காணலாம். அதன் வட்டமான முகப்பையும் பழைய இலக்கத் தகட்டையும் பார்த்தவுடன், "இஃது அறுபது ஆண்டுக்கு முந்திய வண்டி" என்று சிறுவரும் சொல்லிவிடுவர். ஆனால் மூடியின் கீழே துடித்துக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கும் அதே வயதுதானா? இந்தக் கேள்விக்கு, அவ்வண்டியின் சொந்தக்காரரே பல வேளைகளில் விடை அறியார்.

மாற்றிப் பூட்டப்பட்ட எஞ்சின் ஒன்றை இன்னது என்று அறிந்துகொள்வது எவ்வாறு, அறிந்தபின் அதன் வலுவைக் கூட்ட விரும்பினால் எதை முதலிற் செய்தல் வேண்டும் என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது பொழுதுபோக்குக்காரரின் ஆராய்ச்சி மட்டுமன்று. உயிரோடு தொடர்புடைய ஒரு காரியமுமாகும். அதனை நான் அறிந்துகொண்ட விதத்தை முதலிற் கூறிவிடுகிறேன்.

என் தந்தையார் கற்பிட்டியில் கருவாட்டு வியாபாரம் செய்தவர். அவர் பிறரிடமிருந்து வாங்கிய மொரிஸ் மைனர் ஒன்று, அவர் காலத்துக்குப் பின் என் கைக்கு வந்தது. பதிவுப் புத்தகத்தில் 1959ஆம் ஆண்டு வண்டி என்றும், எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் என்றும் எழுதப்பட்டிருந்தது. எழுத்தில் உள்ளதை நான் ஐயுறவில்லை. வண்டி நன்றாகவே ஓடியது. அத்தகைய பழைய வண்டி ஓடவேண்டிய அளவுக்கு மேலாகவே ஓடியது என்று சொல்லவேண்டும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் மாலை மயங்கும் வேளையில் நுரைச்சோலையைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். என் தாயார் பக்கத்தில் அமர்ந்திருந்தார். புத்தளம், கற்பிட்டிப் பகுதியில் கழுதைகள் தெருவிலே கூட்டமாக நிற்பது வழக்கம் என்பதை அப்பகுதி நேயர்கள் அறிவர். வளைவு ஒன்றைத் திரும்பியதும் ஏழெட்டுக் கழுதைகள் தெருவை அடைத்து நின்றன. பிரேக்கை மிதித்தேன். வண்டி வேகம் குறைந்ததே அன்றி நிற்கவில்லை. வேறு வழியின்றித் தெருவோர மணலில் வண்டியை இறக்கினேன். முன்சக்கரம் மணலிற் புதைந்து, வண்டி ஒரு தென்னைக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்றது. தாயாருக்குக் கையில் சிராய்ப்பு. வேறொன்றும் நேரவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் வண்டியைப் புத்தளத்தில் அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவரை யாவரும் நானா என்றே அழைப்பர். அவர் மூடியைத் திறந்து சிறிது நேரம் பார்த்தார். பின் முன்சக்கரத்தின் டிரம்மைக் கழற்றிப் பார்த்தார். "தம்பி, இந்த எஞ்சின் இந்த வண்டியோடு வந்ததல்ல. இது ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு. வண்டியோ தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டுக்குச் செய்தது. யாரோ எஞ்சினை மட்டும் பெரிதாக்கிவிட்டு, பிரேக்கை அப்படியே விட்டிருக்கிறார்" என்றார். "நானா, புத்தகத்தில் அப்படி இல்லையே" என்றேன். அவர் சிரித்தார். "புத்தகம் பெட்டிக்குள்ளே இருந்தது, எஞ்சின் கராஜுக்குப் போய்வந்தது" என்றார்.

நேயர்களே, அந்த இரு எஞ்சின்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய, மொரிஸ் மைனரின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் திட்டப்படி அமைந்த இவ்வண்டி, 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வெளிப்பட்டது. 1971ஆம் ஆண்டுவரை பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பத்து இலட்சம் என்ற எல்லையைத் தாண்டிய முதற் பிரித்தானியக் கார் இதுவே. ஆனால் அவை யாவும் ஒரே எஞ்சினைக் கொண்டவையல்ல. முதலில் 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பழைய பக்கவால்வு எஞ்சின் பூட்டப்பட்டது. ஒஸ்டின், மொரிஸ் கம்பனிகள் ஒன்றிணைந்த பின், 1952 முதல் ஒஸ்டினின் 'ஏ' வரிசை எஞ்சின் இதற்குள் வந்தது. அது தொடக்கத்தில் 803 கன சென்ரிமீற்றரும் ஏறத்தாழ 30 குதிரை வலுவும் உடையது. 1956இல் 948 கன சென்ரிமீற்றரும் 37 குதிரை வலுவுமாக வளர்ந்தது. 1962இல் 1098 கன சென்ரிமீற்றரும் 48 குதிரை வலுவுமாயிற்று. இதே குடும்பத்தில் 1275 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் உண்டு. அது மைனரில் தொழிற்சாலையிற் பூட்டப்படவில்லை. வேறு வண்டிகளில் வந்தது. வெளித்தோற்றத்தில் இவை உடன்பிறந்தாரைப் போல ஒத்திருக்கும். பூட்டும் இடங்களும் பெரும்பாலும் ஒத்துவரும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பது கைதேர்ந்தவர்களுக்கு எளிதான வேலையாயிற்று.

நம் நாட்டில் இம்மாற்றம் மிகுதியாக நடைபெற்றதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில், உள்ள வண்டியை ஓட்டுவதே வழி. ஓர் எஞ்சின் தேய்ந்துபோனால், உடைந்த வேறொரு வண்டியின் எஞ்சினை எடுத்துப் பூட்டினார்கள். 1977க்குப் பின்னர் ஜப்பானிய வண்டிகள் திரளாக வந்தன. அவற்றோடு டட்சன், டொயோட்டா எஞ்சின்களும் வந்தன. அவை மொரிஸின் மூடிக்குள்ளும் புகுந்தன. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், இவ்வண்டிக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க முன்வந்தார். அத்துணை மைனர்களும் அவற்றைப் பேணும் கைகளும் இங்கு இருந்தன. அண்மையில் 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம்வரை தனியார் கார்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, பழைய வண்டிகளின் மதிப்பு மீண்டும் உயர்ந்தது. விலை உயரும்போது, விற்பவர் சொல்வதையெல்லாம் நம்பி வாங்குவோரும் பெருகுவர். ஆதலால் எஞ்சினை இனங்காணும் கலை இன்றைக்கும் வேண்டியதாகும்.

இக்கலை அமெரிக்காவில் ஒரு தனிச் சாத்திரமாகவே வளர்ந்திருக்கின்றது. 1964இல் வந்த பொன்டியாக் ஜி.டி.ஓ. முதலாக, நடுத்தர உடலில் பெரிய எஞ்சினைப் பூட்டிய வண்டிகளை அங்கே 'மஸல் கார்' என்று அழைப்பர். செவ்ரோலே கம்பனி 1955இல் வெளியிட்ட எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 265 கன அங்குலம் கொண்டது; 1967இல் அதே குடும்பத்தில் 350 கன அங்குல எஞ்சின் வந்தது. வெளியே நின்று பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றே. எனவே அங்குள்ளோர், எஞ்சினின் பின்புறத்தில் இரும்போடு இரும்பாக வார்க்கப்பட்ட எண்ணையும், முன்புறத்தில் பொறிக்கப்பட்ட எழுத்துகளையும் தேடிப் படிப்பர். வார்த்த நாளைக் காட்டும் குறியில் மாதத்துக்கு ஓர் எழுத்தும், தேதியும், ஆண்டின் இறுதி இலக்கமும் இருக்கும். இறுதி இலக்கம் 7 என்றால் அது 1957ஆகவும் இருக்கலாம், 1967ஆகவும் இருக்கலாம். ஒரே சான்றை நம்பினால் பத்தாண்டு பிழைத்துவிடும். பொறித்த எழுத்துகளையோ தேய்த்து மாற்றிவிடும் மோசடியும் உண்டு. ஆகவே, பல சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட நெறி. அந்நெறியை நம் மைனருக்கும் பயன்படுத்துவோம்.

முதலாவது சான்று, வண்டியின் அடையாளத் தகடு. மூடியைத் திறந்தால், எஞ்சினுக்குப் பின்னுள்ள இரும்புச் சுவரில் அது காணப்படும். 1950களின் இறுதிக்குப் பின் வந்த வண்டிகளில் 'எம்.ஏ.2 எஸ்.3' அல்லது 'எம்.ஏ.2 எஸ்.5' என்பது போன்ற குறி இருக்கும். 'எம்' என்பது மொரிஸ். 'ஏ' என்பது எஞ்சின் வரிசை. '2 எஸ்' என்பது இரண்டு கதவுக் கார். இறுதியிலுள்ள 3 ஆனது 948 எஞ்சினோடு பிறந்த வண்டியையும், 5 ஆனது 1098 எஞ்சினோடு பிறந்த வண்டியையும் குறிக்கும். என் வண்டியில் 3 என்றே இருந்தது. வண்டி எந்த எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது என்பதை இத்தகடு சொல்லும். இப்போது உள்ளே என்ன இருக்கின்றது என்பதை இது சொல்லாது.

இரண்டாவது சான்று, எஞ்சினின் எண். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும்போது எஞ்சினின் வலப்பக்கத்தில், டைனமோவுக்கு மேலே, ஒரு சிறு தகடு ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். எண் '9 எம்' என்று தொடங்கினால் 948, '10 எம்.ஏ.' என்று தொடங்கினால் 1098. அதனைத் தொடரும் எழுத்துகளில் 'எச்' இருந்தால் உயர் அமுக்கம், 'எல்' இருந்தால் தாழ் அமுக்கம். '10 சி.சி.' என்று தொடங்கினால் அது எம்.ஜி. மிட்ஜெட் விளையாட்டுக் காரின் 1098 எஞ்சின். அதன் கிராங்க் தடித்தது. '12' என்று தொடங்கும் எண் 1275ஐக் காட்டும்.

ஆனால் நம் கடற்கரையில் இந்தச் சான்று முதலில் அழிந்துவிடுகின்றது. அத்தகடு மெல்லியது, பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. எஞ்சினோ வார்ப்பிரும்பு. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, அவற்றின்மேல் உப்பீரம் படிந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிவிடும். அந்த மின்கலத்தில் தன்னை இழந்து கரைவது அலுமினியமே. இரும்பு நிலைத்திருக்க, அதன் பெயர் எழுதிய தகடு தூளாக உதிரும். கற்பிட்டிக் காற்றில் நாற்பது, ஐம்பது ஆண்டு நின்ற வண்டியில் தகடு இல்லாதிருந்தால், அதைக் களவின் அடையாளம் என்று கருதவேண்டியதில்லை. தகடு மிகப் புதியதாகப் பளபளத்தால்தான் ஐயுறவேண்டும்.

மூன்றாவது சான்று, எஞ்சினின் உருவம். உண்மையான 'ஏ' வரிசை எஞ்சினில் பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலப்பக்கம். கார்பரேட்டரும் புகைபோக்கிக் குழாயும் இடப்பக்கம். இடப்பக்கத்தில், அக்குழாய்க்குக் கீழே, எஞ்சினின் பக்கச் சுவரில் இரண்டு சிறு தகட்டு மூடிகள் இருந்தால் அது 803, 948, 1098 என்னும் மூன்றில் ஒன்று. அம்மூடிகள் இன்றிச் சுவர் முழுவதும் வார்ப்பிரும்பாக இருந்தால், பெரும்பாலும் அது 1275. ஜப்பானிய எஞ்சினாயின் வேலை எளிது. டட்சனின் 'ஏ12', டொயோட்டாவின் '4 கே' போன்ற குறிகள் தனித் தகட்டில் அன்றி இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, சிறிது சுண்ணக்கட்டிப் பொடியைத் தடவினால் எழுத்துத் தெளியும். டட்சன் ஏ12 என்பது 1171 கன சென்ரிமீற்றர். டொயோட்டா 4 கே என்பது 1290.

நான்காவது சான்று, அளவு. மற்றவை ஐயம் தந்தாலும் இது தராது. 'ஹெட்' எனப்படும் மேற்பாகத்தைக் கழற்றியபின், சிலிண்டரின் விட்டத்தையும், பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரத்தையும் அளக்கவேண்டும். இந்த எஞ்சினில் பிளக் துளை சாய்வானது. எனவே அத்துளை வழியாகக் கம்பி விட்டு அளப்பது பிழையான விடையைத் தரும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.7854ஆல் பெருக்கி, இறக்கத்தால் பெருக்கி, இறுதியில் சிலிண்டர் நான்கு என்பதால் நான்கால் பெருக்குக. விட்டம் 6.46 சென்ரிமீற்றர், இறக்கம் 8.37 சென்ரிமீற்றர் எனின் விடை ஏறத்தாழ 1097. அதுவே 1098 எஞ்சின். விட்டம் 6.29, இறக்கம் 7.62 எனின் விடை ஏறத்தாழ 947. அது 948 எஞ்சின்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தேய்ந்த சிலிண்டரை லேத் வேலைக்காரர்கள் கடைந்து பெரிதாக்குவர். 948 எஞ்சினை ஆயிரத்தில் அறுபது பங்கு அங்குலம் கடைந்தால், அதன் விட்டம் 64.4 மில்லிமீற்றராகிவிடும். 1098இன் இயல்பான விட்டமோ 64.6. விட்டத்தை மட்டும் அளந்தவர், ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுவார். ஆனால் பிஸ்டனின் இறக்கத்தைக் கடைச்சல் மாற்றுவதில்லை. அது கிராங்கின் அமைப்பால் விளைவது. 803க்கும் 948க்கும் இறக்கம் 76.2 மில்லிமீற்றர், அதாவது சரியாக மூன்று அங்குலம். 1098க்கு 83.7, 1275க்கு 81.3. ஆகவே விட்டத்தைவிட இறக்கத்தையே பெரிதும் நம்புக. நானா என் எஞ்சினில் அளந்து காட்டியபோது கிடைத்தது 83.7. ஐயம் தீர்ந்தது.

இனி, வலுவைக் கூட்டும் காரியத்துக்கு வருவோம். எஞ்சின் இன்னது என்று தெரிந்ததும், "இதை இன்னும் வேகமாக ஓடச் செய்ய முடியுமா?" என்று கேட்பது மனித இயல்பு. முடியும். ஆயினும் வரிசை முக்கியம். பெரும்பாலானோர் எஞ்சினிலிருந்து தொடங்குவர். தொடங்கவேண்டிய இடம் சக்கரம்.

948 எஞ்சினோடு வந்த மைனரின் முன்பிரேக் டிரம் ஏழு அங்குலம். தொழிற்சாலையார் 1098 எஞ்சினைப் பூட்டியபோது அதை எட்டு அங்குலமாக்கினார்கள். ஏன்? ஓடும் வண்டியிலுள்ள சக்தி, வேகத்தின் வர்க்கத்தைப் போல வளர்வது. மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 80க்கு ஏறினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகின்றது. ஆனால் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி ஏறத்தாழ 1.8 மடங்காகின்றது. அவ்வளவும் டிரம்மில் வெப்பமாக மாறவேண்டும். என் வண்டியில் எஞ்சின் எட்டங்குல பிரேக்குக்கு உரியது, பிரேக்கோ ஏழங்குலம். போதாக்குறைக்கு, மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, இரும்புச் சட்டத்தினுள் இருக்கின்றது. ஈரமும் உப்பும் சேர்வதற்கு அதைவிட ஏற்ற இடமில்லை. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உள்ளே துரு கட்டிவிடும். நான் கழுதைகளின் முன் நிற்கமுடியாமற் போனதற்குக் காரணம் இவை இரண்டும் சேர்ந்ததே. எட்டங்குல டிரம்மும், புதிய மாஸ்டர் சிலிண்டரும், புதிய குழாய்களும் பூட்டியபின்பே நானா அவ்வண்டியைத் தெருவில் விட்டார்.

இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது உடல். மைனருக்குத் தனியான செசி இல்லை; உடலே தாங்கும் சட்டம். முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளின் பின்முனை, தரைக்குக் கீழே குறுக்காகச் செல்லும் ஓர் இரும்புச் சட்டத்தில் பற்றியிருக்கின்றது. உப்புக்காற்று அதனை உள்ளிருந்து அரிக்கும். மேலே வர்ணம் பளபளக்கும். உள்ளே இரும்பு பிஸ்கோத்துப்போல நொறுங்கும். ஒரு திருப்புளியின் முனையால் குத்திப் பார்த்தால் உண்மை தெரியும். முன்சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள மரைப்பூட்டு, கிறீஸ் இன்றித் தேய்ந்தால் கழன்று, சக்கரம் மடிந்துவிடும். இவ்விரண்டும் நல்ல நிலையில் இல்லாத வண்டிக்குப் பெரிய எஞ்சின் வைப்பது அறிவுடைமையாகாது.

மூன்றாவது, குளிர்ச்சி. எஞ்சின் பெரிதானால் வெப்பமும் பெரிது. நம் கரையோரத்தில் சில கிணறுகளின் நீர் உவர்ப்பானது. அதனை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பும் சுண்ணமும் படிந்து நீர்வழிகள் அடைபடும். 'ஏ' வரிசை எஞ்சினின் பின்சிலிண்டரைச் சுற்றிய பகுதியிலே சேறு முதலில் தங்கும். எஞ்சினின் பக்கத்திலுள்ள வடிகாற் குழாயைத் திறந்து, நீர் ஓடாவிட்டால் கம்பியால் குத்திச் சுத்தஞ் செய்க. மழைநீரோ வடித்த நீரோ ஊற்றி, துருத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக்கொள்வது நலம்.

நான்காவது, வலுவைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் உறுப்புகள். 948இன் கிளட்ச் தகடு ஆறேகால் அங்குலம். 1098இன் தகடு ஏழேகால் அங்குலம். 1098 எஞ்சினை வைத்தால் அதற்குரிய கியர்பொக்ஸையும் உடன் வைப்பதே முறை. பின் அச்சின் பல்விகிதம் 948 வண்டியில் 4.55, 1098 வண்டியில் 4.22. பழைய அச்சை வைத்துக்கொண்டால் வண்டி விரைந்து எழும். ஆனால் நெடுந்தூரத்தில் எஞ்சின் வீணே அதிகமாகச் சுழன்று பெட்ரோலைக் குடிக்கும். 4.22 அச்சு, அதே வேகத்தில் சுழற்சியை ஏறத்தாழ ஏழு சதவீதம் குறைக்கும்.

இவையாவும் செய்தபின்பே எஞ்சினைத் தொடுக. 1098க்கு ஏற்ற நல்ல ஹெட் '12 ஜி 295' என்ற வார்ப்பெண் கொண்டது. அதன் வால்வுகள் பெரியவை. '12 ஜி 940' என்பது 1275க்கு உரியது. மேலும் பெரியதென்று மகிழ்ந்து, அதனைச் சிறிய எஞ்சினில் அப்படியே வைத்தால், புகைவால்வு கீழிறங்கும்போது சிலிண்டரின் விளிம்பில் மோதும். விளிம்பில் பள்ளம் வெட்டிய பின்னரே அதை வைக்கலாம். மற்றொன்றும் நினைவிற் கொள்க. 2002 முதல் நம் நாட்டில் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகின்றது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு அமரும் இடத்தை ஈயம் ஒருவாறு காத்துவந்தது. அஃது இன்மையால், வேகமாக ஓட்டும் வண்டிகளில் வால்வு மெல்ல உள்ளே அமிழும். ஹெட் கழன்றிருக்கும் போதே கடின உருக்கு வளையங்களைப் பொருத்திவிடுவது சிக்கனம்.

ஜப்பானிய எஞ்சின் வைக்க விரும்புவோர்க்கும் ஒரு சொல். டட்சன் ஏ12இன் கிராங்க் ஐந்து இடங்களில் தாங்கப்படுவது. மொரிஸின் கிராங்க் மூன்று இடங்களிலேயே. ஆகவே அது உறுதியானது என்பதில் ஐயமில்லை. பாகங்களும் எளிதிற் கிடைக்கும். ஆனால் மைனரின் மின்கலத்தில் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஜப்பானிய வண்டிகளில் எதிர்முனை. இதை மாற்றாமல் ஜப்பானிய மின்னாக்கியைப் பூட்டினால், அது பூட்டிய அன்றே எரிந்துபோகும்.

இறுதியாக, எழுத்து வேலை. எஞ்சின் எண் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஒரு விவரம். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துக. பலர் இதனைத் தொல்லை என்று கருதுவர். அந்தத் தொல்லையை எனக்கு முன் அவ்வண்டியை வைத்திருந்தவர் ஏற்றிருந்தால், உள்ளே இருப்பது 1098 என்று புத்தகமே என் தந்தையாருக்குச் சொல்லியிருக்கும். பிரேக்கும் அன்றே மாற்றப்பட்டிருக்கும்.

நேயர்களே, மாற்று எஞ்சின் பூட்டிய வண்டி குறைபாடுள்ள வண்டி என்று நான் கூறவில்லை. இறக்குமதி அடைபட்டிருந்த காலத்தில் நம் கைவினைஞர்கள் அவ்வாறு மாற்றியிராவிட்டால், பல கிராமங்களில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் வண்டி இருந்திராது. மாற்றியது குற்றமன்று, மாற்றியதை மறந்ததுதான் குற்றம். வண்டியின் ஓர் உறுப்பை வலுப்படுத்தியவர், மற்ற உறுப்புகளும் அந்த வலுவைத் தாங்குமா என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். தாம் செய்ததைப் பின்வருவோர் அறிய எழுதியும் வைத்தல் வேண்டும்.

என் வண்டியின் எஞ்சின் இப்போது எது என்று பதிவுப் புத்தகத்திலும் இருக்கின்றது. ஹெட் கழற்றிய நாளில் எடுத்த அளவுகள் ஒரு கொப்பியிலும் இருக்கின்றன. அந்தக் கொப்பி வண்டியின் முன்தட்டிலேயே கிடக்கின்றது. கற்பிட்டித் தெருவில் கழுதைகள் இன்றும் மாலைதோறும் வந்து நிற்கின்றன. என் தாயாரும் அதே இருக்கையில் அமர்ந்து வருகின்றார். வண்டி இப்போது, நிற்கவேண்டிய இடத்தில் நிற்கின்றது.